அல்லிநகரத்துல விரிசல் போட்டி

கட்டடங்கள்ல தானா முளைச்ச செடிகள்தான் என் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் போட்டோ ப்ராஜெக்ட். இன்னைக்கு அல்லிநகரம் போனேன்.

ஒரு வீட்டுச் சுவர் விரிசல்ல அரசங்கன்னு. அஞ்சே இலை, அவ்வளவு அழகு! கேமராவத் தூக்கினதும் வீட்டுக்கார அக்கா ஓடி வந்தாக.

"நகராட்சியாம்மா? இந்தா, இப்பவே பிடுங்கிருறேன்!"

"ஐயோ அக்கா, பிடுங்காதீக! நான் காலேஜ்ல படிக்கிறேன். இந்தச் செடியப் படம் எடுக்கத்தான் வந்தேன்!"

அதைக் கேட்டதும் எதிர்வீட்டு அக்கா வாசல்ல இருந்து கத்துனாக: "அதெல்லாம் ஒரு செடியா? இங்கன வா பாப்பா, எங்க மாடிச்சுவர்ல ஆலங்கன்னே நிக்குது!"

அப்புறம் வீட்டுக்கு வீடு கூப்பிட, ஒரே தெருவுல பதினோரு படம்!

கிளம்புறப்ப முதல் அக்கா ரகசியமாச் சொன்னாக: "விரிசலப் பூச வரச்சொன்ன கொத்தனார வரவேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் வா, அவ செடியவிட இது பெருசாயிருக்கும்."

அந்தச் சுவர் விழுந்தா நானாப்பா பொறுப்பு?