பெல்ஜியம்காரன் கால்

செத்துப்போன ஒரு மனிதனின் காலில் கிடந்த செருப்பைக் கழற்றச் சொல்லி, திருக்கோகர்ணத்து ஓவியர் நாகராசுவின் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் செருப்பு தோலால் தைத்ததல்ல. எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. அதைப் போட்டிருந்தவன் இனி எந்தத் தெருவிலும் நடக்கப் போவதில்லை. ஆனாலும் அது ஊர் மானத்தை மிதித்துவிட்டதாம். ஏதோ பழைய மன்னராட்சிக் காலத்துக் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். நாடு விடுதலையடைந்து, தீண்டாமை குற்றம் என்று தனிச் சட்டமும் போட்ட பிறகு, 1959இல் நடந்தது இது.

நாகராசு கலகக்காரர் அல்ல. சமஸ்தானத்து வண்டிக் கொட்டகையில் சாரட்டுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது; சாரட்டும் போயிற்று, அவர் வேலையும் போயிற்று. வேண்டாத சாமான்களை ஏலம் விட்டபோது, பூஞ்சை பூத்த ஒரு படத்தைச் சீந்துவாரில்லை. அதை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வட்ட மேசை, மேலே பூச்சாடி, பின்னால் சிவப்புத் திரை. அடியில் இருந்த எழுத்தைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார்: வரைந்தவர் போன நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த ஓவியர்; உட்கார்ந்திருப்பவர் அந்த ஊர்த் துணி வியாபாரி.

நாகராசுவுக்கு அந்தப் படம்தான் பள்ளிக்கூடம். முழங்காலில் விழுந்த வெளிச்சம் கணுக்கால் வரை எப்படி வழிந்து இறங்குகிறது என்று அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பிறகு கடை போட்டார்.

அப்போது வசதியுள்ள வீடுகளில், செத்துப்போன தகப்பனைப் பெரிய படமாக எழுதிக் கூடத்தில் மாட்டுகிற மோகம் பரவியிருந்தது. கையில் இருப்பதோ மங்கிப்போன சின்னப் புகைப்படம். அதிலும் முகம் மட்டும். உடம்புக்கு எங்கே போவது? பெல்ஜியம்காரனிடம் போனார் நாகராசு. கோட்டு ஜிப்பாவாயிற்று. கால்சட்டை சரிகை வேட்டியாயிற்று. பூட்ஸைக் கழற்றி வார்ச்செருப்பை மாட்டினார். தோளில் ஒரு துண்டு. நாற்காலி, மேசை, பூச்சாடி, திரை எல்லாம் அப்படியே. வேலை குறைந்த மழை மாதங்களில் இந்த உடம்புகளை வரிசையாக எழுதிக் காயவைத்துவிடுவார், தலை இல்லாமல். ஆள் வந்ததும் முகத்தை மட்டும் எழுதினால் போதும்.

பக்கத்துக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடும் ஹனீபா எட்டிப் பார்த்துக் கேட்பார்: "என்ன மாமா, இன்னைக்கு எத்தனை முண்டம் காயுது?"

"நக்கலு பண்ணாத மாப்ளே. தலை வரட்டும், ஒடம்பு தயார்."

விராலிமலை மண்டிக்காரரும் குளத்தூர் வக்கீல் குமாஸ்தாவும் செத்த பிறகு அந்த ஒரே உடம்பில்தான் உட்கார்ந்தார்கள். எவரும் கண்டுபிடிக்கவில்லை. அவரவர் தகப்பன் பெருமையைத் தாண்டி அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பார்க்கிற கண் யாருக்கு இருந்தது?

1952இல் குளத்தூருக்கு மேற்கே ஒரு கிராமத்தின் பெரிய நிலக்காரர் உடையப்பன் வந்தார். அவருடைய தகப்பனுக்கு யானைக்கால். நோய் யாருக்கும் வரும், அதில் இழிவில்லை. இழிவு மகனுக்குத்தான் தோன்றியது. வாதநோய் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் மெலிந்து நீண்ட, சதை ஒட்டிய காலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க அய்யா கம்பீரம் அப்படியே வந்திருச்சுடா நாகராசு!"

கூடத்தில் மாட்டினார்கள். அமாவாசை தவறாமல் குடும்பமே விழுந்து கும்பிட்டது. கண்ணாடிமேல், பாதம் இருக்கிற இடத்தில் சந்தனம் வைத்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, அதே உடையப்பனின் கிணற்றைத் தூர் வாரும்போது மண் சரிந்து பிச்சைமுத்து செத்துப்போனான். சேரிக்காரன். 'அவன் விதி' என்று சொல்லிவிட்டு உடையப்பன் வேறு ஆளைக் கிணற்றில் இறக்கினார். விதி! கரைக்கு முட்டுக் கொடுக்காதவன் கருமித்தனத்துக்கு இந்த நாட்டில் வைத்திருக்கும் பெயர் அது.

சில மாதம் கழித்து, பிச்சைமுத்துவின் மனைவி செவந்தி நாகராசுவின் கடை வாசலில் வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு புகைப்படத்தை எடுத்தாள்.

"கண்டித் தோட்டத்துக்குப் போகப் பாஸ் எடுத்தப்பப் பிடிச்சதுங்க. இதைப் பெருசாப் போட்டுத் தருவீங்களா?"

நாகராசு தயங்கினார். அந்த ஊர் அவருக்குத் தெரியும். சேரி ஆள் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. துண்டு தோளில் ஏறக்கூடாது. பெரிய வீட்டு ஆள் எதிரே வந்தால் உட்கார்ந்திருக்கக் கூடாது.

"நிக்கிற மாதிரிப் போட்டுரட்டுமா தாயி?"

"ஆயுசு பூராவும் நின்னுக்கிட்டேதாங்க இருந்தாரு. செத்தாவது உக்காரட்டும்."

பக்கத்துக் கடையிலிருந்து ஹனீபாவின் குரல் வந்தது: "உக்கார வைங்க மாமா. நாக்காலி என்ன ஒங்க பாட்டன் வீட்டுச் சீதனமா?"

உட்கார வைத்தார். செவந்தி படத்தைத் தலைமேல் சுமந்துகொண்டு போய்க் குடிசைக்குள் மாட்டினாள். ஊரில் செய்தி பரவியது. முதலில் ஆள் வந்தான், செருப்பை அழிக்கச் சொல்லி. வித்த படம், இனி என் பொறுப்பில்லை என்று நாகராசு நழுவினார். அடுத்து, குடிசைச் சுவரிலிருந்து படத்தைப் பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு உடையப்பனே கடை வாசலில் வந்து இறங்கினார். பின்னாலேயே வந்த பஸ்ஸில் செவந்தியும் வந்துவிட்டாள்.

"ஏண்டா, எவனை எங்க உக்கார வைக்கிறதுன்னு ஒரு வரைமுறை கெடையாது? எங்க அய்யா மாதிரியே அச்சா உக்காந்திருக்கான்! நாக்காலியை அழி. செருப்பை அழி. துண்டை எடுத்து இடுப்புல கட்டு. கையக் கட்டி நிக்க வை. இப்பவே, என் கண்ணு முன்னால."

நாகராசு துணியை எடுத்து டர்பன்டைனில் நனைத்தார். பயந்துதான் நனைத்தார். பெரிய வீடுகள்தானே அவருடைய பிழைப்பு.

"அழிச்சிருவீங்களாய்யா?" என்றாள் செவந்தி.

அவள் கெஞ்சவில்லை. இவரும் இவ்வளவுதானா என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. நாகராசுவுக்கு அது உடையப்பனின் அதட்டலைவிட உறைத்தது. துணியைக் கீழே போட்டார்.

"அச்சான்னு சொன்னீங்களே, சரியாத்தான் சொன்னீங்க. அங்கிட்டுச் சொவத்துல பாருங்க."

பெல்ஜியம்காரன் கால்மேல் கால் போட்டபடி உடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த நாக்காலிதான் இது. அந்தக் காலுதான் இது. ஒங்க அய்யாவுக்குப் போட்டதும் அதே காலுதான். அவருக்கு யானைக்கால்னு ஊருக்கே தெரியும். படத்துல இருக்கிற நல்ல காலு யாரோடதுன்னு இத்தனை வருசத்துல ஒரு நாளாவது கேட்டீங்களா? அமாவாசைக்கு அமாவாசை சந்தனம் வச்சு விழுந்து கும்புடுறீங்களே, அது பெல்ஜியத்துல துணி வித்தவன் காலு!"

"அவரு என்ன சாதின்னாவது விசாரிச்சீங்களா மொதலாளி?" என்றார் ஹனீபா வாசலில் நின்று.

"செருப்பைக் கழட்டணுமா? ஒங்க அய்யா படத்தையும் கொண்டாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே கழட்டுறேன்" என்றார் நாகராசு.

பதில் சொல்ல அறிவில்லாதவன் கையில் எப்போதும் ஒரு தடி இருக்கும். உடையப்பன் கைத்தடியை ஓங்கிப் படத்தில் அடித்தார். கண்ணாடி நொறுங்கியது, கித்தான் கிழிந்தது, பிச்சைமுத்துவின் முகம் இரண்டாகப் பிளந்து தொங்கியது. கார் புறப்பட்டுப் போயிற்று.

செவந்தி கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தாள். நாகராசு தடுத்தார். உள்ளே போய்த் தலை எழுதாத படம் ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"அந்தச் சின்னப் படத்தைக் குடு தாயி. ஒடம்புக்கா நம்மகிட்டப் பஞ்சம்? அவன் அடிக்க அடிக்க நான் உக்கார வைப்பேன்."

செவந்தி அந்த உடம்பை வெகுநேரம் பார்த்தாள்.

"தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு சொல்றேங்க. போன தடவையே தோணுச்சு. இது அவுக காலு இல்லிங்க."

"பொறகு?"

"எடது காலுல சுண்டுவெரல் கெடையாது. கண்டியில பாறை உருண்டு நசுங்கிப்போச்சு. குதிகால் வெடிப்புல நெல்லைச் சொருகினா நிக்கும். இது வேலை செய்யாத காலுங்க."

நாகராசு கத்தியை எடுத்து, தலை எழுதாத அந்தப் படத்தில் இருந்த பெல்ஜியம்காரன் காலைச் சுரண்டினார். பிறகுதான் தெரிந்தது, இத்தனை ஆண்டுத் தொழிலில் தனக்கு ஒரு மனிதக் கால் வரையத் தெரியாது என்று. சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்களின் கால்களைப் பார்த்து எழுதிப் பழகினார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். விரல் இல்லாத, வெடித்த அந்தக் கால் ஒருவழியாகச் செருப்புக்குள் நுழைந்தபோது பிச்சைமுத்து முதல்முறையாகத் தன் உடம்போடு உட்கார்ந்திருந்தான்.

ஹனீபா சட்டம் போட்டார். இருவரும் செவந்தியோடு அந்த ஊருக்குப் போய், ஊர்த் தெரு வழியாகவே, படத்தின் முகம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முறைத்தவர்கள் உண்டு, தடுத்தவர்கள் இல்லை. உடையப்பன் வாயே திறக்கவில்லை. திறந்தால் தன் வீட்டுக் கூடத்துக் காலைப் பற்றி ஊர் பேசும் என்று அவருக்குத் தெரியும்.

பெரிய வீட்டு வேலைகள் நாகராசுவுக்கு அதோடு நின்றுபோயின. லாரிகளுக்குப் பெயர் எழுதினார், தேர்தல் காலத்தில் சுவர் எழுதினார். சேரிகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் வந்தாலும், முகம் இருக்கட்டும், முதலில் காலைச் சொல்லுங்கள் என்பார். 1966இல் சாகும்வரை அப்புறம் அவர் ஒரு உடம்பைக்கூட முன்கூட்டி எழுதிவைக்கவில்லை.

உடையப்பன் தன் தகப்பன் படத்தைக் கழற்றவும் இல்லை, காலை மாற்றவும் இல்லை. மாற்றினால் யானைக்காலை எழுத வேண்டுமே! ஆகவே அந்த வீட்டில் அமாவாசை தவறாமல் பெல்ஜியம்காரன் காலுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.