அண்ணையின் காய்ச்சலும் எங்கள் தட்டில் வளர்ந்த கிருமியும்

அண்ணைக்குக் காய்ச்சல் தொடங்கிய மாரியில் நான் ஊர் ஊராக மண் அள்ளிக்கொண்டிருந்தேன். மருத்துவபீடத்தில் ஒரு சின்ன ஆய்வுக் குழு எங்களுடையது. தலைவியாக ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர், ஆய்வுகூட அலுவலர் ஒருவர், ஆய்வு உதவியாளராக நான். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தோம். அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். மழைக்காலத்தில் கால் வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் போகும். நீரிழிவு உள்ளவர்களைத்தான் கடுமையாகப் பிடிக்கும். காசநோய் போலவும் புற்றுநோய் போலவும் வேடம் போடும். அதனால் எத்தனையோ பேர் என்ன நோய் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பது எங்கள் தலைவியின் கவலை.

அண்ணை கோப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். என்னைவிட நன்றாக மூத்தவர். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "சனம் மண்ணில கிழங்கு தேடும், இவள் வருத்தம் தேடுறாள்" என்பார். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. குளிசை விழுங்குவார், நினைவு வந்தால்.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். தனியார் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தார். இரண்டு நாள் நல்லாயிருக்கும், மறுபடி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். சட்டைகள் தொளதொளத்தன. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, ஒருநாள் எனக்குப் போன் எடுத்து, "தோட்டத்துக்குப் போனவர் வரம்பிலயே இருந்திட்டார். எழும்ப ஏலாதாம்" என்றாள். அன்றே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம்.

ஸ்கான் எடுத்தார்கள். ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். வாட்டு மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பரவின கான்சரா இருக்கலாம். இல்லாட்டி கசம், காசநோய். இரத்தத்தில கிருமி ஒண்டும் வளரேல்லை. கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம், வீட்டில மெல்லச் சொல்லி வையுங்கோ."

மெல்லச் சொல்ல முடியவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே மச்சாள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த எண்ணம் வந்தது. மாரி, தோட்டம், சீனி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், புள்ளிகள். நாங்கள் தேடுகிற அதே கிருமியாக இருக்காதா? வந்த வேகத்தில் அதைத் தள்ளிவைத்தேன். பகல் முழுக்க ஒன்றையே தேடுகிறவளுக்கு எல்லாமே அதுவாகத்தான் தெரியும். அதைவிட, அண்ணைக்கு இந்த வருத்தம் இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவது எனக்கே தெரிந்தது. புற்றுநோயைவிட இது மேல் அல்லவா? அப்படி ஆசைப்பட்டுக்கொண்டு ஒரு முடிவைத் தேடுவது ஆய்வு செய்கிறவளுக்கு அழகில்லை.

அடுத்த நாள் காலை, தயங்கித் தயங்கித் தலைவியிடம் சொன்னேன். என் ஆசையையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் ஆசைப்படுறதில பிழை இல்லை. கிருமி வளக்கிற தட்டுக்கு அது தெரியாது. என்ன இருக்கோ அதுதான் வளரும். நான் டொக்டரோட கதைக்கிறன்."

வாட்டு மருத்துவர் இளையவர். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரோ, "ஈரலில இருக்கிற பெரிய புள்ளியில ஊசி போட்டுப் பாப்பம், மேடம்" என்றாராம். ஸ்கான் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கியபோது கெட்டியாகச் சீழ் வந்தது. அதில் ஒரு பங்கு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தது.

தலைவி என்னை அதன் பக்கம் விடவில்லை. "இது நாங்கள் ரெண்டு பேரும் பாக்கிறம். நீர் மண்ணைப் பாரும்" என்றார். நான் மண்ணைப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருமியை அவசரப்படுத்திக் கெதியாக வளர வைக்க யாராலும் முடியாது. அதற்கு வேண்டிய உணவைத் தட்டில் ஊற்றி, சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். முதலில் குண்டூசி முனைபோல் ஏதோ முளைத்திருப்பதாக ஆய்வுகூட அலுவலர் சொன்னார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார்.

பிறகு ஒரு முற்பகல் தலைவி கூப்பிட்டார். "வந்து பாரும்."

மூடிய தட்டுக்குள் ஊதா நிறத்தில் கிருமிக் கூட்டங்கள், காய்ந்த பூவிதழ் மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. புத்தகத்தில் எத்தனையோ தரம் பார்த்த உரு அது. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டு விரைவுச் சோதனையும் செய்தார். பால் திரைவது போல அந்தத் துளி திரைந்தது, நாங்கள் தேடிய அதே கிருமிதான். உடனே போனை எடுத்தார், எனக்கு ஒன்றும் சொல்லாமல் முதலில் வாட்டுக்குச் சொன்னார். மருந்தின் பெயரையும் அளவையும் இரண்டு முறை சொன்னார். வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஓடும். போய்ச் சொல்லும்."

வாட்டில் அண்ணை கண்ணை மூடிக் கிடந்தார். மச்சாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கான்சர் இல்லை. கிருமி."

அவர் கண்ணைத் திறந்தார். "கிருமியோ? அப்ப மருந்து இருக்குதானே?"

"ஓம், இருக்கு. இண்டைக்கே ஏத்துவினம்."

"கான்சர் இல்லையோ?" என்று மச்சாள் கேட்டாள். இல்லை என்றேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் சொன்னேன். பிறகு விசிறியைக் கட்டிலில் வைத்துவிட்டு, "நீ காலையில இருந்து சாப்பிடேல்லை, என்ன?" என்று என்னை ஏசத் தொடங்கினாள். நாள்கணக்காக அவள் குரலே எழும்பியிருக்கவில்லை. அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அண்ணை மெல்லக் கேட்டார். "எங்கயிருந்து வந்தது?"

"மண்ணில இருந்து."

"எங்கடை மண்ணிலயோ?" நோயைவிட அதுதான் அவருக்கு நொந்தது.

"மண்ணில பிழை இல்லை, அண்ணை. உலகத்தில கன இடத்தில உது இருக்கு. உங்கடை காலில வெடிப்பு, உடம்பில சீனி. அதுதான் அதுக்கு வாய்ச்சுப் போச்சு."

மருந்து ஏறத் தொடங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. இந்த வருத்தத்தில் சரியான மருந்துக்கும் காய்ச்சல் கெதியில் இறங்காது என்று நான் படித்திருந்தேன். தலைவியும் அதையே சொல்லி, மருந்தை மாற்றவேண்டாம் என்று வாட்டு மருத்துவரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணையின் நெற்றியில் கையை வைக்கும்போது படித்ததெல்லாம் எங்கோ போய்விடும். தட்டுப் பொய் சொல்லாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்குவேன்.

ஒரு காலை நான் போனபோது அண்ணை தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து இருந்தார். இரவு போர்வை நனைய வேர்த்ததாம். காய்ச்சல் இல்லை. என்னைக் கண்டதும், "வெங்காயத்துக்குள்ள தண்ணி நிக்குதோ? ஆரும் வாய்க்கால் வெட்டி விட்டவையோ?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் அவர் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. மச்சாள் எழும்பி வெளி விறாந்தைக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வர நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் குளிசை. வயிற்றைப் பிரட்டுகிறது, வாய் கசக்கிறது என்று அண்ணை குறைசொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. சீனிக் குளிசையையும் சேர்த்துத்தான். அந்தக் காலத்திலேயே வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு கடற்தொழிலாளி அதே மாதிரிக் காய்ச்சலோடு வாட்டுக்கு வந்தார். அந்த இளைய மருத்துவர் யாரும் சொல்லாமலே முதல் நாளே எங்களுக்குச் சாம்பிள் அனுப்பினார். அதிலும் அந்தக் கிருமிதான். ஸ்கானில் புள்ளிகள் பெருகுமுன்னே அவருக்கு மருந்து ஏறியது. அன்று தலைவி கன்ரீனில் ரோல்ஸ் வாங்கி வந்து மேசையில் வைத்தார். சூடு ஆறுமுன் ஆளுக்கு இரண்டு தின்றோம்.

குளிசை முடிந்து எடுத்த ஸ்கானில் புள்ளி ஒன்றும் இல்லை. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அண்ணை ஏதோ விளங்கினவர் போலத் தலையாட்டினார். வெளியே வந்து கோப்பாய் பஸ்ஸில் ஏறினோம். யன்னலோரம் இருந்தவர் கொஞ்ச நேரத்திலேயே நித்திரையாகி என் தோளில் சாய்ந்தார். நெற்றி குளிர்ந்திருந்தது. நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. நான் எழுப்பவில்லை. அடுத்த தரிப்பில்தான் எழுப்பினேன்.

"எங்கடை தரிப்பை விட்டிட்டியே, பிள்ளை?" என்று இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"ஓம். நடப்பம்."

வெயில் தணிந்திருந்தது. அவர் எனக்கு முன்னால் நடந்துபோனார், கொஞ்சம் கெதியாகவே.