சீட்டுக்குப் பின்னால் சுருட்டிய பெல்ட்

முப்பது வருடமாக ஹால்வர் டோர்கில்சன்தான் எங்கள் அலாஸ்கா தீவுக்குக் கடிதமும் மருந்தும் கொண்டுவரும் மிதவை விமானத்தை ஓட்டுகிறான். பனிமூட்டத்தில்கூட மலையை மோப்பம் பிடித்து விலகிவிடுவான் என்பார்கள். கையில் வித்தை இருந்தது. வாயில் திமிரும் இருந்தது. இடுப்பு பெல்ட் போதும் என்பது அவன் சட்டம். தோள் பெல்ட்டுகள் சரக்கு மூட்டைகளில் சிக்குகின்றன என்று அவற்றைச் சுருட்டி, ரப்பர் போட்டு, சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான்.

போன அக்டோபரில் கடைக்கார லவோன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "தோள் பெல்ட் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"இருபது நிமிஷப் பயணம். நிலாவுக்கா போறோம்? தண்ணியில கவுந்தா அது ஆளையே கட்டிப்போட்டு மூழ்கடிச்சிடும், தெரியுமா?" என்று சிரித்தான்.

தண்ணீரில் இறங்கும்போது விமானத்தின் மிதவை அங்கே மிதந்த ஒரு மரக்கட்டையில் மோதியது. விமானம் கவிழக்கூட இல்லை. மூக்கைக் குத்தி நிமிர்ந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு குலுக்கலில் லவோனின் முகம் முன்பலகையில் மோதி, இடது கண் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அவன் போடச் சொன்னான், நான்தான் போடல" என்றாள். பக்கத்தில் நின்ற ஹால்வர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே எல்லா பெல்ட்டையும் அவிழ்த்துத் தொங்கவிட்டான். தும்பை விட்டு வாலைப் பிடித்தான் மகராசன். வாராவாரம் புகையிட்ட சால்மனை அவள் வீட்டு வாசலில் வைத்தான். கடைக்குப் போனால் அவளுக்கு இடப்பக்கமாகவே நிற்பான், பார்வை படாமலிருக்க. அப்படி நிற்கும் தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஜூனில் ஒருநாள் மீனோடு வந்தவனை அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சியா? விமானம் நின்னா ஊருக்கு மருந்து வராது. அதுக்காகத்தான் பொய் சொன்னேன். எட்டு மாசமா மீனாக் கொண்டாந்து கொட்டுறியே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கேட்டீங்க. நான் சிரிச்சேன். அப்புறம் பழியை உங்க தலையில போட்டுட்டு சும்மா நின்னேன்."

"எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவர்கிட்ட சொல்லு." அன்று விசாரித்த அதிகாரி கொடுத்துப்போன, எண் போட்ட அட்டையையும் தன் போனையும் நீட்டினாள்.

"லைசென்ஸ் போயிடும். அப்புறம் மருந்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"அன்னைக்கு அதுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன், இனிமே முடியாது. படகுல போய் வாங்கிக்கிறோம். நாலு மணி நேரமாகும், ஆகட்டும். அடுத்து ஓட்ட வர்றவன் சிரிக்கக் கூடாது."

ஹால்வர் மீனைக் கீழே வைத்துவிட்டு எண்களை அழுத்தினான்.