நான் அழித்த டிரான்ஸ்ஃபார்மர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மயிலாப்பூர் குளத்தங்கரைக்கு வந்தால் என்னைத் தவறவிட முடியாது. பை பையாகத் தைத்த கையில்லாத காக்கிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி, புறாக்களிடம் கெஞ்சிக்கொண்டிருப்பவன் நான்தான். அந்தச் சட்டையில் எத்தனை பை என்று எனக்கே தெரியாது. ஒன்றில் கைக்குட்டை இருக்கிறது. மற்றதெல்லாம் கலைக்காக.

வார நாட்களில் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மற்ற நேரத்தில் தெருப் புகைப்படக் கலைஞன். அப்படி என்னை வேறு யாரும் அழைக்காததால் நானே அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, வெட்கமில்லாமல் பிடித்திருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் ஒரு வஞ்சிர மீனை நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா கேட்டார்: "இன்னா சார், மீன் வாங்க வந்தியா, மீன பொண்ணு பாக்க வந்தியா?" அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மீனும் வாங்கினேன். தி.நகரில் ஜவுளிக்கடைப் படிக்கட்டுகளில் பைகளோடு உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களை ஒரு வருடமாக எடுத்தேன். அந்த முகங்களில் உள்ள அமைதியைப் பெரிய ஞானிகளிடமும் பார்க்க முடியாது. ஒருவர் மட்டும் பதறி எழுந்து வந்து, "சார், தயவுபண்ணி என்னை அழிச்சிடுங்க. ஜுரம்னு ஆபீஸுக்கு லீவு சொல்லியிருக்கேன்" என்றார். அழித்தேன். அழிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

எனக்கு அதிகம் வாய்த்த முகம் எங்கள் கட்டட வாசலிலேயே இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில், இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா. கூவம் கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்தில் மாற்றிடம் கொடுத்தார்கள். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இங்கே வந்து கரி மூட்டுவார். அந்தக் கங்கு, அந்தப் புகை, இலைகளுக்கு நடுவே சரிந்து விழும் வெயில்! இதற்காக அலைய வேண்டியதே இல்லை, செருப்புப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் போதும். என் கலையில் சோம்பேறித்தனத்தின் பங்கு பெரியது.

ஒரு திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"சார், உங்க செகரட்டரி சார் எழுதிப் போட்டுட்டாரு. வண்டி கேட்ட மறைக்குதாம். நான் நேத்து வந்தவளாம்."

செகரட்டரி சார் என்பவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் புதிய செயலாளர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்களின் கார் நிற்க இடம் வேண்டும் என்பது அவருடைய லட்சியம். லட்சியத்தின் மேல் இஸ்திரி வண்டி நின்றுகொண்டிருந்தது.

"அதுக்கு?"

"கார்ப்பரேசன்லேர்ந்து ஒரு சார் வந்தாரு. நல்லாத்தான் பேசினாரு. பழைய ஆளா இருந்தா இந்த எடத்துக்கே வியாபாரி கார்டு போட்டுத் தருவாங்களாம். புது ஆளுன்னா வண்டிய எடுத்துடணுமாம். பழைய போட்டோ எதுனா காட்டுன்றாரு. வெள்ளிக்கிழம திருப்பி வர்றாரு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இங்கேர்ந்து எட்த்துட்டா நான் எங்க போறது? பெரும்பாக்கத்துல வண்டி போட்டா அங்க கீறவங்க எல்லாம் என்ன மாதிரி. யாரு யாருக்கு இஸ்திரி போடறது?"

நான் எதுவும் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "நீதான் வருசக்கணக்கா என்ன புட்ச்சிக்கினே கீறியே சார். அதுல ஒண்ணு குடு, போதும்."

என் வாழ்க்கையில் முதல் முறையாக, நான் எடுத்துவைத்த படத்தை ஒருவர் கேட்கிறார். நெஞ்சு விம்மியது. பக்கத்தில் சட்டை வாங்க நின்றிருந்த இரண்டு பேர் கேட்கும்படி, "ஒண்ணா? நூறு தரேன்மா. கவலையை விடு" என்றேன்.

மாலையில் வந்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். 'உழைப்பின் ரேகைகள்' என்று தலைப்பு வேறு. முதல் படம், ஒரு கை. இரண்டாவது, அதே கை, இன்னும் பக்கத்தில். மூன்றாவது, கருப்பு வெள்ளையில் ஒரு கங்கு. கங்கைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்புறம் வளையல், மூக்குத்தி, புகைக்கு நடுவே ஒற்றைக் கண். வண்டி? ஒரு படத்தில் அதன் சக்கரத்தின் நிழல் இருந்தது.

முழு ஆளாக, முழு வண்டியாக எடுத்த படங்களும் நாலைந்து இருக்கத்தான் செய்தன. அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு குரு, பார்ப்பவர் கவனத்தைச் சிதறடிக்கும் பொருள்களைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லியிருந்தார். பயபக்தியோடு நீக்கியிருந்தேன். கம்பிகள், கதவு எண் பலகை, குப்பைத்தொட்டி, சுவரொட்டி, கடைசியாக அந்த மாபெரும் டிரான்ஸ்ஃபார்மர். அதை மட்டும் துடைக்க ஒரு ஞாயிறு முழுக்கப் பிடித்தது. அந்த இடத்தில் கொஞ்சம் வானத்தை ஒட்டியிருந்தேன். சென்னையில் கம்பி இல்லாத வானம் என் கணினியில் மட்டும்தான் கிடைக்கும். மிச்சமிருந்ததை லென்ஸ் பார்த்துக்கொண்டது. பின்னணியை மங்கலாக்குவதற்கென்றே ஊரில் உள்ளவர்கள் வயிற்றெரிச்சல் படும்படி வாங்கிய லென்ஸ் அது. இடம் போதாமல் அசல் படங்களையும் அழித்துவிட்டேன். அந்த அம்மா நிற்கும் இடம் மயிலாப்பூரா, மங்கோலியாவா என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை, வேறு வழியில்லாமல், ஃபோனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இது யாரு கையி?"

"உன் கைதாம்மா."

"கையி கீது. நான் எங்க?" அடுத்த படத்துக்குத் தள்ளினார். "இதுல நான் கீறேன். பின்னாடி இன்னா பால் கொட்ன மாதிரி கீது?"

"அது வேணும்னே மங்கலா எடுக்கிறது. அதுக்குத் தனியா லென்ஸ் வாங்கியிருக்கேன்."

"துட்டு குட்த்து கண்ணு தெரியாம பண்ணிக்கினியா?" அடுத்த படம். "டிரான்ஸ்பார்மர் எங்க சார்?"

"அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா! கரண்டு ஆபீஸ்ல சொன்னியா?"

சட்டை வாங்க வந்தவர் சத்தமாகவே சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்தபோது சிரிப்பு இல்லை. துணியில் மடிப்பு இல்லாத இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் என் மனைவி ஆறுதல் சொன்னாள். "பெசன்ட் நகர் பீச்சுல கல்யாண நாளுக்கு என்னை எடுத்தீங்களே, எங்கம்மா பாத்துட்டு 'யாருடி இந்தக் கருப்பு பொம்மை'ன்னு கேட்டாங்க. பொண்டாட்டியையே காட்டாத கேமராவுல வண்டி எங்கேருந்து வரும்?"

வியாழக்கிழமை சாயங்காலம் செயலாளர் வீட்டுக்குப் போனேன். வாதாடி ஜெயிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. காலில் விழுவதற்குப் பொருத்தமான தருணம் பார்ப்பதாகத் திட்டம்.

"வாங்கோ வாங்கோ. காபி சாப்பிடறேளா?" என்று உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை உயர்த்திவிட்டார். "எனக்கு அவமேல ஒரு கோபமும் கிடையாது. எங்காத்து வேஷ்டியெல்லாம் அவகிட்டதான் போறது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நான் இங்க குடி வந்தப்போ வாசல்ல வண்டியே கிடையாது. நன்னா ஞாபகம் இருக்கு. பளிச்சுனு காலியா இருந்தது. இதெல்லாம் கொரோனாவுக்கு அப்புறம் வந்தது."

பொய் சொல்கிற முகமில்லை அது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? குடி வந்த நாளில் வாசலில் என்ன இருந்தது என்று கேட்டால், என் சாமான் லாரியைத் தவிர எனக்கும் ஒன்றும் நினைவில்லை. காபி வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று. புதுக் கார், மாலை, பக்கத்தில் பட்டு வேட்டியோடு செயலாளர். குடி வந்த புதிதில் கார் வாங்கிப் பூஜை போட்ட அன்று எடுத்தது. அந்தப் பூஜை எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அன்று படம் எடுக்க முதலில் என்னைத்தான் அழைத்தார். நானோ, டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சாறு தெறித்த விதம் அப்படி. மறுநாள் அவர் சொன்னார்: "எலுமிச்சம்பழம் ரொம்ப நன்னா வந்திருக்கு சார். கார்தான் இல்லை." பிறகு வாட்ச்மேன் தன் ஃபோனில் எடுத்ததைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தார்.

கைப்பழக்கம் சும்மா இருக்குமா? காபிக்குக் காத்திருந்த நேரத்தில் வாட்ச்மேன் படத்தை மனசுக்குள் திருத்த ஆரம்பித்தேன். கோணலாக இருக்கிறது, நிமிர்த்தணும். செயலாளர் தலையிலிருந்து கம்பம் முளைத்திருக்கிறது, அதை எடு. கம்பியை எடு. குப்பைத்தொட்டியை எடு. அடடா, டிரான்ஸ்ஃபார்மர், அதையும் எடு. அதற்குக் கீழே நிற்கிற வண்டியை…

டம்ளரோடு வந்த மாமி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"சார், கொஞ்சம் எழுந்து வாங்க," என்றேன்.

வண்டி இருந்தது. கதவு எண் இருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அந்த அம்மா வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனின் ஃபோன் எதையும் மங்கலாக்கவில்லை. கீழே ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில், கொரோனாவுக்கு முந்தைய தேதிகூட அச்சாகியிருந்தது. அந்தத் தேதியைப் பார்த்து ஒரு காலத்தில் நான் முகம் சுளித்திருப்பேன்.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தினமும் இது முன்னாடிதான் உக்காந்து பேப்பர் படிக்கிறேன்," என்றார் மெதுவாக.

மாமி எட்டிப் பார்த்தார். "அவதானே? அன்னிக்கு எலுமிச்சம்பழத்தை நீங்க மறந்துட்டேள்னு கடைக்கு ஓடினதே அவதான். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. எங்க கேக்கறேள்?"

"சத்தியமா நான் பாக்கலை சார்," என்று என்னிடம் சொன்னார் அவர். நம்பினேன். எனக்கு டிரான்ஸ்ஃபார்மரை அழிக்க ஒரு ஞாயிறு தேவைப்பட்டது. அவர் கணினியே இல்லாமல், ஒரு ஆளையும் வண்டியையும் சேர்த்து அழித்திருந்தார். இந்தக் கலையில் அவர் எனக்கு அண்ணன்.

வெள்ளிக்கிழமை மாநகராட்சிக்காரர் வந்தபோது செயலாளரே அந்தப் படத்தைச் சட்டத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஃப்ரேமைக் கழட்ட வேண்டாம், இதை எடுத்ததுலயே சுவத்து ஆணி பாதி வந்துடுத்து, இப்படியே பாருங்கோ. கார் மேல கை படாம." வந்தவர் தேதியைப் பார்த்தார், அண்ணாந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார். தன் ஃபோனில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

"பழைய ஆள்தான். கேட்டை விட்டு ரெண்டடி தள்ளி வச்சுக்கம்மா. கார்டு வரும்."

அந்த அம்மா வண்டியின் பலகையை இரண்டு கையாலும் ஒரு முறை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் வேணும்," என்றார் அதிகாரி.

ஆபீஸுக்கு லீவு போட்டுக் காத்திருந்த நான், இதற்காகவே பிறந்தவன்போல் காக்கிச் சட்டையில் பாய்ந்து முன்னால் வந்தேன். அவர் அதற்குள் தன் ஃபோனில் எடுத்து முடித்திருந்தார். "வேணாம் சார், இதே போதும்."

கேமராவோடு நடுத்தெருவில் நின்ற என்னைப் பார்த்து அந்த அம்மாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரி, நீயும் ஒண்ணு புட்ச்சிக்கோ. கையி மட்டும் வேணாம்."

எல்லாம் தெளிவாக விழும்படி லென்ஸைத் திருகிவிட்டு, வண்டியும் கேட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் அடங்கும்வரை பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ அலறி நின்றது.

"யோவ் நைனா! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தபோது அழுத்தினேன். படத்தில் செயலாளரும் இருக்கிறார், தன் காரை மார்பில் அணைத்தபடி.

ஃபோட்டோவைக் காட்டலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. வண்டியில் குவிந்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைலேர்ந்து ஒரு துணி போடல. கரி வேற அவிஞ்சி போச்சி. எல்லாரும் கொஞ்சம் அப்பால போங்க சார், காத்து வரட்டும்."

அதிகாரி போனார். நான் நகர்ந்தேன். செயலாளர் மட்டும் சட்டத்தோடு அங்கேயே தயங்கி நின்றார்.

"என் வேஷ்டி…"

"நாளைக்கு," என்றார் அந்த அம்மா, விசிறியை எடுத்துக்கொண்டு.