குடிக்காதவரின் ஈரல்

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணனுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. நாங்கள் வேலை செய்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டினவர். சாராயத்தைத் தொட்டதே இல்லை. அப்பா குடித்துச் செத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கண் மஞ்சளானதும் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் கூட்டிப்போனேன்.

"குடிய நிறுத்து மொதல்ல. அப்புறம் மருந்து."

"எங்கண்ணன் குடிக்கிறதே இல்லைங்க."

"எல்லா வீட்டுலயும் இதாம்மா சொல்றாங்க."

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அண்ணன் ஒளித்துக் குடிக்கிறார் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சானது. அண்ணியே ஒருநாள் லோரி சீட்டுக்கு அடியில் போத்தல் தேடினார். அண்ணன் ஓரமாக நின்று பார்த்தார்.

"நல்லாத் தேடு லா. கெடச்சா எனக்கும் கொஞ்சம் குடு" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். குடியால் வந்ததல்ல, ரத்தத்தில் ஒரு கிருமி, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். ஊருக்கு வந்து ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொன்னேன். மானத்தை மறைக்கப் பேசுகிறேன் என்றார்கள்.

அடுத்த மழைக்குள் அண்ணன் போய்விட்டார். கருமாதிப் படையலில் அவருடைய கூட்டாளி ஒரு ஸ்டவுட் பீர் போத்தலைத் திறந்து வைத்தார். எடுத்துக் கால்வாயில் ஊற்றினேன்.

"ஆசையா வாங்கியாந்தேன், தங்கச்சி."

"கூடவே லோரி ஓட்டுனீங்களே. அவர் குடிக்கிறத என்னைக்காச்சும் பாத்தீங்களாண்ணே?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். ஆனாலும் போத்தலை வீணாக்கியவள் என்ற பேர்தான் எனக்கு.

எண்பதுகளின் கடைசியில் அதே டாக்டர் என் ரத்தத்தையும் சோதித்தார். எனக்கும் அந்தக் கிருமி இருந்தது.

"நெறைய பேருக்கு இருக்குன்னு சொல்றீங்க. ஏன் எங்கண்ணனுக்கு மட்டும் புத்துநோயாச்சு?"

அவர் பொறுமையாகச் சொன்னார். செல்லுக்குள் மரபணுவின் கட்டளையை ஆர்.என்.ஏ. என்ற நகல் சுமந்து போகிறதாம். அந்த நகலைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உண்டாம். எந்த நகலை நிறைவேற்றுவது, எதை அழிப்பது என்பது அவை பிடிக்கும் பிடியில் இருக்கிறதாம். "அந்தப் புடி தப்புனா செல்லு அடங்காம வளரலாம். ஈரல்ல அப்படித்தான் நடக்குதான்னு இன்னும் தெரியலம்மா."

"எப்பத் தெரியும்?"

வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து லயத்து அக்கா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். கிருமியிலிருந்து ஆரம்பித்தேன். தாப்பா மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டேன்.