இருட்டில் ஒரு நெருப்புப் புள்ளி

கோகிலா கொலைப்படத்தைத் துடைக்கும்போது வாசல்கதவு திறந்தே இருக்க வேண்டும், ஓட வசதியாக. இது சத்தியமாக நடந்த கதை. கொஞ்சம் இழுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அவள் அலறலில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நின்றது என்பதை நம்ப வேண்டாம். மலைமேல் அவள் ஊரான வளப்பூர் நாட்டில் ஒரு பலாக்காய் விழுந்தது நிஜம்.

சென்னையில் ஒரு கம்பெனி பழைய கருப்புவெள்ளைப் படங்களைத் துலக்கி, வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்க்காக விற்கிறது. ஒரு நொடிக்கு இருபத்துநாலு ஃபிரேம். ஒவ்வொன்றிலும் தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி. கோகிலா வீட்டுக் கம்ப்யூட்டரில் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அவற்றைப் பொறுக்குகிறாள்.

இந்தப் படம் விளக்குக்கு வக்கில்லாதவர்கள் எடுத்தது. முக்கால்வாசி இருட்டு, மீதி தொப்பி. கொலைகாரன் வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு, மிளகுக்கொடி பார்க்கக் கிளம்பும் கணவன் வேல்முருகனை இழுத்து உட்காரவைப்பாள்.

"ஏனுங்க, அந்தாளு போயிட்டானான்னு பாத்துச் சொல்லுங்க."

"அவன் செத்தே அறுவது வருசம் இருக்கும் புள்ள."

"அதுதானுங்க பயமே!"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். ஜன்னலில் போர்வையைக் கட்டி, மாமியார் பாவாயியும் வேல்முருகனும் கூட உட்கார, ஓட்டிப் பார்த்தாள். கடைசிக் காட்சி. துப்பறிபவன் இருட்டை முறைத்தான், சுட்டான்.

"யாரச் சுட்டான் இவன்?" என்றாள் பாவாயி.

கோகிலா காட்சியைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் அந்தாளின் சிகரெட் நெருப்பு மினுங்க வேண்டும். அதைக் குறிவைத்துத்தான் துப்பறிபவன் சுடுவான். பயத்தில் அரைக்கண்ணால் பார்த்து, தூசியென்று அவள் துடைத்தது அதைத்தான். தொண்ணூற்று நாலு ஃபிரேமில். படச்சுருளில் மிச்சமிருப்பது இந்த ஒரே பிரதி. இப்படியே போனால் படத்துக்கு முடிவும் இல்லை, அவளுக்கு இனி வேலையும் இல்லை. அதிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய துடைக்காத நகல் கையில் இருக்கிறது. ஆனால் அந்தாளின் முகத்தைப் பெரிதாக்கி, நெருப்பை விட்டுவிட்டு, மறுபடி துடைக்க வேண்டும். தொண்ணூற்று நாலு தடவை.

"உடு கண்ணு, அவன் பொழச்சுப் போகட்டும்," என்றாள் பாவாயி.

"ஏம்மா, மூணு கொல பண்ணவன் பொழைக்கறதா?" என்றான் வேல்முருகன்.

"நீ பாத்தியா? அந்த இருட்டுல எவன் பண்ணானோ!"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"உங்கொப்பனும் இப்படித்தான். பாக்காததையெல்லாம் பாத்தேம்பான்!"

வேல்முருகன் போர்வையைப் பிடுங்கி எறிந்தான். பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். செத்துப்போன மாமனாரும் சண்டைக்குள் இழுக்கப்பட்டார்.

கோகிலா திரும்பாமல் துடைக்காத நகலைத் திறந்தாள். அந்தாளின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. உதட்டில் நெருப்பு, சுற்றிலும் தூசி. சோறுண்ட பிள்ளைக்குத் துடைப்பதுபோல் அவன் வாயோரத்தை மெல்லத் துடைத்தாள்.

"ஆடாத, கண்ணு."