ஆளில்லாத படகு

பூதலூரில் மாதா கோயில் படங்கள் வரைகிற ஜாஸ்லின், கடலை இருபது தடவை வரைந்து பார்த்தாள். இருபதும் காற்றில் ஆடும் சம்பா வயலாகவே வந்தன. பூதலூர்க்காரிக்கு வேறு எப்படி வரும்? அது தொண்ணூற்றாறாம் வருஷம். குவைத்துக்கு வேலைக்குப் போன பங்குப் பிள்ளைகள், புயலில் இயேசுவின் சீடர்கள் தவிக்கும் படகைக் கோயில் சுவரில் வரையச் சொல்லியிருந்தார்கள். கையைப் பிசைந்துகொண்டிருக்காமல் நோட்டும் பென்சிலுமாக வேதாரண்யம் பக்கத்துக் கரைக்குப் போய், தோழியின் உறவான எல்லையம்மாள் வீட்டில் தங்கினாள்.

ஒரே காட்சியைப் பக்கம் பக்கமாக வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை மாற்றிப் பார்ப்பது அவள் பழக்கம். அன்று மதியம் எல்லையம்மாளின் புருஷன் கலியபெருமாள் மூன்று பேரோடு கடலுக்குக் கிளம்பினார். அதை வரைந்தாள். அடுத்த பக்கத்தில் அலையை உயர்த்தினாள். படகு நெரிசலாகத் தெரியவே ஒரு ஆளை எடுத்தாள். அப்புறம் இன்னொருவரை. கடைசிப் பக்கத்தில் அலையும் வெறும் படகும்தான். அதுதான் நன்றாக வந்திருந்தது.

விடியலில் வரவேண்டிய படகு வரவில்லை. மற்ற படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. காற்று ஏறிக்கொண்டே போனது. புருஷன் முகத்தையாவது பார்க்கலாமென்று எல்லையம்மாள் நோட்டைப் புரட்டினாள். நாலு பேர், மூணு பேர், ரெண்டு பேர். கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றது.

"எம் புருசன எங்கம்மா எறக்கி உட்ட?"

சும்மா பார்ப்பதற்காக இப்படி வரைவோம் என்று ஜாஸ்லின் சொல்லத் தொடங்கினாள். அந்த வெறும் படகை ரசித்தது நினைவுக்கு வந்தது.

"எல்லாரையும் திருப்பி ஏத்து," என்றாள் எல்லையம்மாள்.

ஜாஸ்லின் ஈர மணலில் உட்கார்ந்து வரைந்தாள். மூன்று பேர் வந்தார்கள். படகிலிருந்து முதலில் எடுத்த ஆள் ஜெயபால்; அவர் முகம் மட்டும் வரவில்லை. அவரைச் சரியாகப் பார்க்காமலே எடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்த செபம்கூடப் பாதியில் மறந்தது.

மதியத்துக்கு மேல் படகு தெரிந்தது. பெண்கள் கழுத்தை நீட்டி எண்ணினார்கள். மூன்று தலைகள்தான்; ஜெயபாலைக் காணவில்லை. அவர் மனைவி பிரதீபா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். படகு இன்னும் நெருங்கியபோதுதான், குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஜெயபால் நிமிர்ந்தார்.

எல்லையம்மாள் நோட்டைத் திருப்பித் தரவில்லை. ஜாஸ்லினும் கேட்கவில்லை.

பூதலூர்ச் சுவரில் அலை அவ்வளவு பெரிதில்லை. பன்னிரண்டு சீடர்களும் கரையில் நின்ற அந்தப் பெண்களைப் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, படகு நெரிசலாக இருக்கிறது, மூன்று பேரை எடுத்துவிட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்.

ஜாஸ்லின் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தரையும் எறக்க மாட்டேன் சாமி," என்றாள்.